விழாத சொட்டு

டீசல் பம்பை மூன்று முறை பூட்டிக் கழற்றியாகிவிட்டது. பழைய லாரி வெள்ளைப் புகையைக் கக்கியதே தவிர, கிளம்பவில்லை. இன்று கிளம்பாவிட்டால் எடைக்குத் தந்துவிடுவதாக லாரிக்காரி நாச்சம்மாள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"இதான் கடைசி, பாய். இதுலயும் ஆகலைன்னா வெட்டிருவேன்," என்றார் காயலான் கடை துரைப்பாண்டி.

"வெட்டறவரு வெளிச்சத்த மறைக்காம நில்லுங்க," என்றாள் நாச்சம்மாள்.

மெக்கானிக் அப்பாஸ் பாய் டீசல் பம்பின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். குழாய் வாயில் டீசல் சொட்டியது. சொட்டு நிற்கிற இடம்தான் டைமிங், எஞ்சினுக்குள் டீசல் பாய வேண்டிய சரியான கணம். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே நேரம் நீண்டுகொண்டே போனது. கடைசியாக ஒன்று பருத்து, பொன்னாய் மின்னி, விழாமல் தொங்கியது. அது விழுமுன் பம்பை அதே இடத்தில் இறுக்கிவிட வேண்டும். பட்டறையே மூச்சை அடக்கிக்கொண்டது.

"அசையாதீங்க," என்று பாய் கிசுகிசுத்தார். நாச்சம்மாள் ஸ்பேனரைப் போல்ட்டில் மெல்லப் பொருத்தினாள்.

துரைப்பாண்டிக்குத் தும்மல் வந்தது. தும்மினால் சொட்டு விழும், விழுந்தால் லாரி அவருக்கு. அவர் இரண்டு கைகளாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார். முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய, சொட்டை விட்டுப் பார்வையை எடுக்காமல், "இறுக்கு தாயி, சீக்கிரம் இறுக்கு," என்று கெஞ்சினார்.