கடைசி ஆமென்

ஞாயிறு காலை வெயில் வண்ணக் கண்ணாடி வழியே இறங்கி, பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளில் சிவப்பும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக விழுகிறது. தொண்டையில் அறுவைச் சிகிச்சை முடிந்து இன்றுதான் திரும்பியிருக்கும் குயிலக்கா (அந்தப் பட்டத்தை ஊரில் பரப்பியதே அவள்தான்) முன்வரிசையை விட்டுவிட்டு, பின்வரிசை ஓரத்தில் நாத்தனார் பக்கத்தில் நிற்கிறாள். கழுத்துத் தழும்பைக் காலர் பாதிதான் மறைக்கிறது. முன்பெல்லாம் பாட்டின் கடைசி ஆமென் அவள் பெயருக்குப் பட்டா போட்ட சொத்து. மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள, அவள் மட்டும் ஜன்னல் அதிர இழுப்பாள். பரலோகத்துக்கே போதும் போதும் என்றாகியிருக்கும். இப்போது குரல் துருப்பிடித்த கதவுக் கீல். படுக்கையில் கிடந்த மாதங்களில் சத்தமில்லாமல் ஜெபிக்கப் பழகியவள், இன்று உதட்டை மட்டும் அசைத்தபடி மற்றவர்களைக் கேட்கிறாள். நாத்தனாரின் குரல் இவ்வளவு இனியது என்பது இத்தனை வருடத்தில் இன்றுதான் அவளுக்குத் தெரிகிறது.

பாட்டு முடியப்போகிறது. பழக்க தோஷத்தில் குழு மொத்தமும் கடைசி ஆமெனுக்கு முன்னால் நின்றுவிடுகிறது. ஆர்கன் வாசிப்பவர் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். ஆலயமே அவளைத் திரும்பிப் பார்க்கிறது. அவள் கை கழுத்துக்குப் போகிறது. இருமி மழுப்பிவிடலாம். ஆனால் கை கீழே இறங்குகிறது, கண் மூடுகிறது, காற்றும் கரகரப்புமாக ஏதோ ஒன்று உதட்டைத் தாண்டுகிறது.

“அண்ணி, சொல்லிட்டீங்களா?” என்று நாத்தனார் கிசுகிசுக்கிறாள்.

“ஆச்சு.”

“பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கலையே!”

“உனக்காடி சொன்னேன்?” என்கிறாள் குயிலக்கா, கண்ணைத் திறக்காமலே.