உடம்பில் ஒன்றும் இல்லையே

பீமராவ் அந்தப் பொய்யை மூன்றாவது முறையாகச் சொன்னார்.

"இல்லம்மா. உடம்புல ஒண்ணும் இல்ல."

நர்ஸ் தேவதர்ஷினி தாளில் டிக் போட்டாள். வார்டில் ஒரு தடவை கேட்டாள், லிஃப்ட் முன்னால் ஒரு தடவை. இப்போது ஆபரேஷன் தியேட்டர் வாசலில். மோதிரம், பல்செட், கயிறு, தாயத்து என்று ஒரே மூச்சில் கேட்பாள்.

"கோவிச்சுக்காதீங்க சார், கேட்டே ஆகணும். போன வாரம் ஒருத்தர் இடுப்புல ஏழு கயிறு. சமயபுரத்துலேருந்து வயலூர் வரைக்கும் ஒரு சாமியையும் விடல."

"சார்கிட்ட அதெல்லாம் இருக்காது," என்றாள் அவர் மனைவி அனுசுயா. அவருடைய கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். சித்திரைப் புழுக்கத்திலும் முழுக்கைச் சுடிதார்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த பீமராவ் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். அங்கிக்குள் இடுப்பில் தாயத்து உறுத்தியது.

கழுத்தில் ஒரு கட்டி. எடுத்துவிட்டால் சரியாகிவிடும், நூற்றில் ஒருவருக்குக் குரல் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முப்பது வருடமாகக் குரலை வைத்தே பிழைத்த வாத்தியாருக்கு அந்த ஒருவர் யார் என்பதில் சந்தேகமே வரவில்லை.

நேற்று மாலை, கல்லூரியில் அவருடைய ஆங்கிலத் துறையில் கூட வேலை பார்க்கும் வஹீதா பார்க்க வந்தாள். அனுசுயா காபி வாங்கப் போயிருந்தாள். வஹீதா கைப்பையிலிருந்து பச்சைக் கயிறு கோத்த சின்ன வெள்ளித் தாயத்தை எடுத்துத் தலையணை ஓரம் வைத்தாள். நத்தர்வலி தர்காவில் ஓதி வாங்கியது என்றாள். கட்டுவதும் கட்டாததும் உங்கள் இஷ்டம் சார் என்று சொல்லிவிட்டு, உட்காராமலே கிளம்பிவிட்டாள். கேன்டீனுக்குப் போன அனுசுயா அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தாள்.

இன்று காலை குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு அவர் அதைக் கட்டிக்கொண்டார்.

இருபத்தாறு வருடம் முன்பு, கல்யாணத்தன்று ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் அவரும் அனுசுயாவும் இரண்டே விஷயம் பேசி வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் மந்திரம், தாயத்து வராது. ஒருவருக்கொருவர் எதையும் மறைப்பதில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது அனுசுயாவின் அம்மா மந்திரித்த கயிறு கட்டிவிட்டார். பீமராவ் அவர் எதிரிலேயே கத்தரிக்கோலால் வெட்டினார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு காட்டூரில் இவர்கள் வீட்டுக்கு வரவே இல்லை. அனுசுயா ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சு என்றால் பேச்சுதானே.

வருடா வருடம் அவர் வகுப்பில் நடத்துகிற ஒரு பழைய ஆங்கில வீரகதை உண்டு. ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கு முன்னால், மந்திரப் பொருள் எதுவும் தன்னிடம் இல்லை என்று வீரன் சத்தியம் செய்யவேண்டும். ஒருவன் கவசத்துக்குள் ஒரு மந்திரக் கல்லை ஒளித்துக்கொண்டு சத்தியம் செய்கிறான், ஜெயித்தும் விடுகிறான்.

"அவனுக்குப் பயமா இருந்திருக்கும்ல சார்?" என்று இந்த வருடம் யாழினி என்ற மாணவி கேட்டாள்.

"பயம் காரணம்தாம்மா. நியாயம் இல்ல," என்றார். வகுப்பு கைதட்டியது.

"எதுக்கு இவ்வளவு கேக்கறேன்னா சார்," என்றாள் தேவதர்ஷினி, "ரத்தம் வர்ற இடத்தைக் கரண்ட் வச்சுத்தான் அடைப்பாங்க. உடம்புல எங்கேயாவது உலோகம் பட்டுக்கிட்டிருந்தா அந்த இடம் வெந்துடும்."

பீமராவின் கை அங்கிக்கு மேலேயே தாயத்தைத் தொட்டுப் பார்த்தது.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. நாலடி தள்ளித் தரையில் மஞ்சள் கோடு. அதற்கு மேல் அனுசுயா வரமுடியாது. கதவு மூடியதும் நர்ஸிடம் மெல்லச் சொல்லிவிடலாம். கழற்றிக் குப்பையில் போட்டுவிடுவாள். அனுசுயாவுக்குத் தெரியவே தெரியாது. உடம்புக்கும் ஆபத்தில்லை, மானத்துக்கும் ஆபத்தில்லை.

மூன்றடி. இரண்டடி.

ஒருவேளை குரல் போய்விட்டால், இவள் காதில் கடைசியாக விழுந்தது அந்தப் பொய்யாக இருக்கும்.

"ஒரு நிமிஷம் நிறுத்தும்மா," என்றார். "அனு, இங்க வா."

அவள் குனிந்தாள்.

"என் இடுப்புல தாயத்து இருக்கு. வஹீதா கொடுத்தாங்க. அவங்களை ஒண்ணும் சொல்லாத. கட்டிக்கிட்டது நான்தான். பயமா இருந்துச்சு."

தேவதர்ஷினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். திட்டவில்லை. போர்வைக்குள் கைவிட்டுக் கயிற்றைத் தேடிக் கத்தரிக்கோலால் வெட்டினாள். உடம்புச் சூடு ஏறியிருந்த தாயத்தை அனுசுயாவின் கையில் வைத்தாள்.

கத்தரிக்கோல் சத்தம் கேட்டதும் பீமராவ் கண்ணை மூடிக்கொண்டார்.

"அன்னைக்கு உங்க அம்மாவ நான்..." என்று ஆரம்பித்தார்.

அனுசுயா சட்டென்று நிமிர்கிற சத்தம் கேட்டது. கோபம் என்று நினைத்தார். உள்ளேயிருந்து டாக்டர் வந்தாச்சு என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"என்னங்க, கண்ணைத் திறங்க."

திறந்தார். அனுசுயா சுடிதாரின் இடதுகையை முழங்கைக்கு மேல் ஏற்றிப் பிடித்திருந்தாள். அங்கே அதே பச்சைக் கயிறு.

"வஹீதாகிட்ட ரெண்டா வாங்கிட்டு வரச் சொன்னேன்," என்றாள்.