ஏர்னெஸ்ட் எழுதிய ஒரு வரி

"இன்னொருக்கா அடியுங்கோ," என்றார் ஏர்னெஸ்ட்.

சோமசேகரம் பொத்தானை அழுத்தினார். ஸ்ராட்டர் மட்டும் கிர்ரென்று சுற்றியது. எஞ்சின் மூச்சுக் காட்டவில்லை.

"நாலு தரமாச்சு."

"ஓம் சேர்," என்றார் சோமசேகரம். ஓய்வுபெற்ற ரெயில் சாரதி அவர். முப்பது வருடம் எஞ்சின் ஓட்டியவர்.

ஏர்னெஸ்ட் கொழும்பு ரெயில்வேத் தலைமையகத்துப் பொறியியலாளர். பிறந்தது அரியாலை என்றாலும் இருபது வருடக் கொழும்பு உத்தியோகம். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் கிடையாது.

சண்டைக்காலத்தில் தண்டவாளங்களைப் பதுங்குகுழிக்குப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அப்போது சுன்னாகத்தில் பற்றைக்குள் மறைந்து நின்றதால் தப்பிய சின்ன டீசல் எஞ்சின் இது. சோமசேகரம், கராஜ் வைத்திருக்கும் றொபின், வங்கியில் வேலை செய்யும் ஆரணி மூவரும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். நாலு வருட ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கே கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது, வீட்டில் வாங்கிக்கட்டிய பேச்சுத்தான் மிச்சம். இன்று ஏர்னெஸ்ட் எழுதப்போகும் அறிக்கையில்தான் எல்லாம் இருந்தது. எஞ்சின் இந்தக் கொட்டிலிலேயே நிற்குமா, வெளியே காத்து நிற்கும் நீள லொறியில் ஏறி ஊரைவிட்டே போகுமா?

"எஞ்சின் ஓடுதெண்டு பேப்பரிலை படத்தோடை போட்டிருந்தினமே?" என்றார் ஏர்னெஸ்ட்.

"பேப்பர்க்காரர் கொஞ்சம் கூட்டிப் போட்டிட்டினம் சேர்," என்றாள் ஆரணி. "தேத்தண்ணி ஆறுது. குடிச்சிட்டுப் பாப்பமே?"

"அது கிடக்கட்டும் பிள்ளை. பற்றரி என்ன மாதிரி?"

"புதுசு சேர்," என்றான் றொபின்.

"டீசல்?"

"தாங்கி நிறைய இருக்கு."

"அப்ப என்ன கோதாரிக்கு ஓடாமல் நிக்குது?"

"பம்பு சரியில்லைப் போலை சேர். பழசெல்லோ."

ஏர்னெஸ்ட் சேட்டுக் கையை முழங்கை வரை சுருட்டினார்.

"ஐயோ சேர், சேட்டெல்லாம் ஒயிலாப் போயிடும்," ஆரணி பதறினாள்.

"சேட்டைத் தோய்க்கலாம்," என்றபடி அவர் எஞ்சினில் ஏறி, பக்கத்துக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். மனிதருக்கு வேலை தெரியும். பற்றரி வயரை ஆட்டிப் பார்த்தார். தாங்கியிலிருந்து போகும் பைப்பை விரலால் தடவிக்கொண்டே வந்தார்.



"பிள்ளையாரே, இந்த ஒருக்கா மட்டும் கைவிட்டிடாதை," என்று சோமசேகரம் வாய்க்குள் முணுமுணுத்தார். றொபின் கண்ணை மூடி ஜெபம் செய்தான். எந்தக் கடவுள் கேட்டாலும் பரவாயில்லை, யாராவது கேட்டால் சரி என்ற நிலைமை.

"தம்பி, உந்தப் பைப்பைக் கழட்டும் பாப்பம்."

"எந்தப் பைப் சேர்?"

"உம்மடை கைக்குக் கிட்ட இருக்கிறது. கெதியாய்க் கழட்டும், எனக்கு ரெயினுக்கு நேரமாகுது."

றொபின் ஸ்பானரை எடுத்தான். வியர்த்த கை. ஸ்பானர் வழுக்கி உள்ளே எஞ்சின் இடுக்குக்குள் விழுந்தது.

"கராஜ் வைச்சிருக்கிறீர், ஒரு ஸ்பானர் பிடிக்கத் தெரியேல்லையோ? தள்ளும்!"

ஏர்னெஸ்ட் ஒரு கையை எஞ்சினில் ஊன்றிக்கொண்டு, மற்றக் கையால் ஸ்பானரை எட்டிக் குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

நிமிர்ந்தபோது அவர் கையில் ஸ்பானர் இல்லை.

"காணும். இனி இதிலை மினக்கெடேலாது."

கீழே இறங்கினார். கையைத் துடைத்தார். அறிக்கைக் கோப்பைத் திறந்து, 'இயங்கும் நிலையில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ஆரணியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. சோமசேகரம் அப்படியே படியில் குந்தினார்.

"லொறியைத் திருப்பச் சொல்லுங்கோ," என்று ஏர்னெஸ்ட் வெளியே பார்த்துக் கத்தினார். பிறகு இவர்களிடம் திரும்பினார். "கடிதம் கிடைச்சதுதானே? ஓடுற எஞ்சினெண்டால் உல்லாசப் பயணிகளின்ரை ரெயினுக்கெண்டு கொழும்புக்கு ஏத்தோணும். ஓடாததைச் சங்கமே வைச்சிருக்கட்டாம்."

"கிடைச்சது சேர்," என்றார் சோமசேகரம். தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் சிரிப்பு வெளியே வந்துவிடும் என்று பயம்.

ஏர்னெஸ்ட் வாகனம் வரை போனார். கதவைத் திறந்தவர், ஏதோ யோசித்துத் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஓடாத எஞ்சின் ஏனண்ணை சுடுது?"

"வெ... வெயில் சேர்," என்றார் சோமசேகரம்.

"கொட்டிலுக்குள்ளை என்ன வெயில்?"

றொபின் கூரையைப் பார்த்தான். ஆரணி தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தாள்.

"ஒன்பது மணிக்குச் சேர்," சோமசேகரம் குற்றவாளிபோல முனகினார். "நீங்கள் வர முந்தி ஒரேயொருக்கா. கொண்டுபோயிடுவியளோ எண்ட பயத்திலை மனம் கேக்கேல்லை. ஓட்டிப்போட்டுத்தான் பைப்பை அடைச்சனாங்கள்."

ஏர்னெஸ்ட் அறிக்கைக் கோப்பை மூடிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"ஓடாதெண்டு எழுதியாச்சு. ஞாயிற்றுக்கிழமை வாறன், ஓட்டிக் காட்டுங்கோ."