பெஞ்சுக் காட்சி

"இன்னொரு தடவை அந்த பெஞ்சைத் தூக்குங்க" என்றாள் டைரக்டர்.

ஏணி உச்சியில் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்த லைட் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். இன்றைக்கு மட்டும் இது பதினோராவது தடவை.

முப்பது வருடத்தில் எத்தனையோ டைரக்டர்களைப் பார்த்தவர் அவர். ஒருவர் கத்துகிற கத்தலுக்கு ஒப்பனை அறையில் இருப்பவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். இன்னொருவர், நடிகர் அரை அடி தள்ளி நின்றுவிட்டால் சாக்பீஸோடு மேடையேறிவிடுவார். நல்ல டைரக்டர் என்றால் தொண்டை வேண்டும், கண்டிப்பு வேண்டும், என்றைக்கு எது நடக்கும் என்று ஒரு திட்டம் வேண்டும். இந்தப் பெண்ணிடம் இருந்தது பிடிவாதம் மட்டும்தான். அதுவும் ஒரு பெஞ்சின் மேல்.

பெஞ்சைத் தூக்கிய இருவரும் அண்ணன் தம்பி. பெரியவர் அவளுடைய அப்பா, சின்னவர் சித்தப்பா. ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்து மேடையேறினால் டிக்கெட்டுக்கு அடிதடி நடக்கும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாடகத்தில் பெரியவருக்கு வசனம் மறந்துபோனது. சமாளிக்கிறேன் பேர்வழி என்று சின்னவர் அந்த வசனத்தைத் தானே சொல்லிவிட்டார். கைதட்டல் நிற்க இரண்டு நிமிடம் ஆனது.

"என் மானத்தைக் காப்பாத்தினியா, என் கைதட்டலைத் திருடினியா?" என்று ஒப்பனை அறையில் பெரியவர் கேட்டதுதான் கடைசிப் பேச்சு.

"என்னோட முதல் நாடகம். நீங்க ரெண்டு பேரும் நடிச்சாத்தான் உண்டு" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவர்களைச் சம்மதிக்க வைத்திருந்தாள் அவள்.

முதல் வாரம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

"பாப்பா, அவரை மெதுவா நடக்கச் சொல்லு. என் முதுகு தாங்காது."

"அவன் முதுகுக்கு என்ன கேடாம்? கேட்டுச் சொல்லு."

அது பழைய காலத்துக் கனத்த பெஞ்சு. ஒரு ஆள் தூக்க முடியாது. ஆறாவது வாரமான இன்று, "பார்த்துடா, கால்ல போட்டுக்காத" என்று பெரியவர் நேராகவே சொன்னதை லைட் மாஸ்டர் கவனித்தார். ஆனால் அவருடைய கவலை வேறு. ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏம்மா, மத்த காட்சியெல்லாம் எப்போ? எந்த லைட்டை எங்க மாட்டறதுன்னே தெரியலையே."

"பார்க்கலாம் மாஸ்டர்."

"சரி, நாடகம் என்னிக்கு?"

"சொல்றேன் மாஸ்டர்."

இது தேறாது என்று அவரே அலுவலகத்துக்குப் போய் அரங்கத்துப் பதிவு நோட்டைப் புரட்டினார். ஒத்திகைக்கு நாள் குறித்திருந்தது. நாடகத்துக்கு எந்த மாதத்திலும் குறிக்கவில்லை. திரும்பி வந்து அவளை ஓரமாக அழைத்துக் கேட்டார்.

அவள் மேடையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நாடகமே கிடையாது மாஸ்டர். அந்த ஒரு காட்சியைத்தான் எழுதினேன்."

"அடிப்பாவி!"

"வீட்டுக்குக் கூப்பிட்டா ரெண்டு பேரும் வரமாட்டாங்க. ரிகர்சல்னா பத்து நிமிஷம் முன்னாடியே வந்து நிப்பாங்க. எனக்கு வேற வழி தெரியல. விஷயம் மட்டும் வெளியே வந்துச்சுன்னா, ஏமாத்திட்டேன்னு என்னையும் சேர்த்து வெட்டிவிட்டுட்டுப் போயிடுவாங்க."

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் லைட் மாஸ்டருக்கு மனசு இளகிவிட்டது. "என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது, போம்மா" என்றார்.

பன்னிரண்டாவது தடவை. பெஞ்சை இறக்கி வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். பெரியவர் பேச வாயெடுத்தார். வசனம் வரவில்லை.

லைட் மாஸ்டரின் கை ஸ்விட்சிலேயே நின்றுவிட்டது. டைரக்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். சின்னவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பிறகு சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். பெரியவர் அதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு வசனத்தைக் கணீரென்று சொல்லி முடித்தார். அப்புறம் பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் டீயை ஊற்றித் தம்பியிடம் நீட்டினார். அந்த டீ காட்சியில் கிடையாது.

ஒத்திகை முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பெரியவர் தனியாக லைட் அறைக்கு வந்தார்.

"என்ன மாஸ்டர், ஆபீஸ் நோட்டைப் புரட்டினீங்களாமே?"

"அது... சும்மா..."

"மறைக்காதீங்க. ஆறு வாரமாச்சு, டிரெஸ்ஸுக்கு அளவெடுக்க ஒரு தையல்காரன் எட்டிப் பார்க்கல. நாற்பது வருஷம் மேடையில நின்னவனுக்கு இதுகூடவா புரியாது? என் பொண்ணு எனக்கே நாடகம் காட்டறா."

லைட் மாஸ்டர் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார்.

பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்னு பாப்பாகிட்ட சொல்லாதீங்க. முக்கியமா என் தம்பிகிட்ட மூச்சு விடாதீங்க. நாடகம் இல்லைன்னு தெரிஞ்சா நாளையிலேர்ந்து அவன் வரமாட்டான்."

லைட் மாஸ்டர் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணாமல் சின்னவர் காத்துக்கொண்டிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"மாஸ்டர், ஒரு உதவி. நாலு பக்கத்துக்கு மேல ஸ்கிரிப்ட் வரலைங்கிறபோதே எனக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. ஆனா எங்க அண்ணன் காதுல மட்டும் போட்டுடாதீங்க. பாவம், நிஜமாவே நாடகம்னு நம்பித்தான் தினமும் வர்றாரு."