முப்பத்தெட்டாவது தவறு

விற்பனைக்கு வருமுன் செயலியைப் பயன்படுத்திப் பார்த்துத் தவறுகளைச் சொல்ல நூறு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பார்வையில்லாத ஹெப்சிபா டீச்சர் அவர்களில் ஒருவர். கைப்பேசியை எதற்கு நேராக நீட்டினாலும் அது என்னவென்று செயலி வாய்விட்டுச் சொல்லும். தேன்குழலைக் கயிறு என்றது. இடியாப்பத்தை நூல்கண்டு என்றது. வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைகளை நிறுத்தித் திருத்துகிற அதே கண்டிப்போடு டீச்சர் முப்பத்தேழு தவறுகளை எழுதி அனுப்பினார். ஒன்றை மட்டும் அனுப்பவில்லை. சாப்பாட்டு மேசையின் எதிர் நாற்காலியில் கணவர் ஐசக்கின் சட்டை, அவர் இறந்த நாளிலிருந்து அப்படியே தொங்கியது. அந்தப் பக்கம் நீட்டும்போதெல்லாம், “ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்” என்றது செயலி. காலையில் ஒருமுறை, ராத்திரி சாப்பாட்டுக்கு ஒருமுறை டீச்சர் அதைக் கேட்டுக்கொள்வார்.

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். “நாளைக்கு வெளியிடுறோம் டீச்சர். தொங்குற துணியை ஆள்னு சொல்லிட்டிருந்துச்சு, அதையும் சரிபண்ணிட்டோம். உங்க லிஸ்ட்ல மட்டும் அது இல்லையே?”

“எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் சொல்லலியே, மக்களே.”

மறுநாள் காலை புதிய பதிப்பு தானாகவே வந்திருந்தது. டீச்சர் இட்லித் தட்டோடு உட்கார்ந்து கைப்பேசியை எதிரே நீட்டினார்.

“நாற்காலி. அதன்மேல் ஒரு சட்டை.”

இன்னொரு முறை நீட்டினார். அதையேதான் சொன்னது. இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, படிவத்தைத் திறந்து முப்பத்தெட்டாவது தவறை எழுதத் தொடங்கினார்.