ஒன்பதாவது பாட்டு

கதவுக்கு மேலிருந்த சிவப்பு பல்பு எரிந்ததும் அவள் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டாள். தும்மல் வருகிற மாதிரி இருந்தது. இந்த வீட்டில் கொலைக் குற்றத்துக்குக்கூட மன்னிப்பு உண்டு, பல்பு எரியும்போது தும்மினால் கிடையாது.

துணி காயப்போடுகிற பின்னறைதான் கணவனின் ஸ்டுடியோ. சுவரெல்லாம் பழைய கம்பளி, ஜன்னலை அடைத்து ஒரு மெத்தை, நடுவில் ஒரு மைக். பதிவு ஓடுகிறது என்பதற்கு அடையாளம்தான் வெளியே எரிகிற பல்பு. கம்பளிகளைத் தைத்துத் தொங்கவிட்டதே அவள்தான். ஆபீஸ் போக மிச்ச நேரத்தில் சொந்தமாக எழுதி, சொந்தமாகப் பாடி, மூன்று வருஷத்தில் எட்டுப் பாட்டை முடித்திருந்தான். ஆல்பத்துக்குப் பாக்கி ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றுக்குத்தான் சனி பிடித்துக்கொண்டது. அருமையாக ஒரு பதிவு அமையும், கடைசி வரியில் குக்கர் விசில் அடிக்கும். இன்னொன்று அமையும், கரண்டி விழும். இரண்டிலும் தப்பினால் அவளுடைய தும்மல். ஒன்று வந்தால் மூன்றாக வரும், மூன்றும் தெருமுனை வரை கேட்கும்.

கடைசியாக அப்படி நடந்தபோது அவன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் அடித்தான். "நீ இந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் இந்த ஆல்பம் முடியாதுடி!"

"தும்மல் என்ன, சொல்லிட்டா வருது?" என்று அவளும் விடவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு விருட்டென்று வெளியே போனாள். எங்கே போனாள், எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்பதே அவளுக்கு நினைவில்லை. அத்தனை கோபம்.

ஆனால் திரும்பி வந்ததும் ஒரு முடிவு எடுத்தாள். இந்தப் பாட்டு முடிகிற வரை தன்னிடமிருந்து பொட்டுச் சத்தம் வரக் கூடாது. அன்றிலிருந்து அவள் நடப்பது பூனைக்குக்கூடக் கேட்பதில்லை.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை, லீவு போட்டுவிட்டே உட்கார்ந்துவிட்டான். காலையிலிருந்து சாயங்காலம் வரை பல்பு எரிகிறது. பல்பு எரிந்தால் வீட்டில் யாரும் பேசக் கூடாது, அதனால் அவளோடும் யாரும் பேசுவதில்லை. போதாக்குறைக்கு நாத்தனார் வேறு வந்து இறங்கி, ஒரு வார்த்தை கேட்காமல் சமையலறையைக் கைப்பற்றி, டப்பாக்களையெல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டாள். வாய் வரை வந்ததை இவள் விழுங்கிக்கொண்டாள். பாட்டு முடியட்டும், அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றுதான் அவளுக்குப் புரியவில்லை. அவன் பாடுவதே இல்லை. மைக்கைத் திறந்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான்.

பல்பு அணைந்ததும் நாத்தனார் கதவைத் திறந்தாள். "காலி ரூம்ல என்னத்தைடா பதிவு பண்ற?"

"ரூம் சத்தம்க்கா. யாரும் இல்லாத ரூமுக்கும் ஒரு சத்தம் இருக்கு. பாட்டுல எங்கயாவது ஒட்டுப் போடணும்னா அது வேணும்."

"ஒரு மாசமாவாடா?"

நாத்தனார் கையிலிருந்த டம்ளரை அவன் பக்கத்தில் வைத்தாள். காலையில் வைத்த டம்ளர் அங்கேயே ஆறிப்போய் இருந்தது.

இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் ஓடிவந்து அவன் மடியில் ஏறிக்கொண்டாள். "இன்னைக்காவது ஏதாவது கேட்டுச்சாப்பா?"

"இல்லடா. சுத்தமா இருக்கு."

சுத்தமாக இருக்கிறதாம்! கதவோரம் நின்றிருந்தவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. பிறகு ஏன் அவன் முகம் அப்படித் தொங்கிப்போகிறது?

"எப்படிப்பா கேக்கும்?" என்றாள் மகள், மடியிலிருந்து இறங்கிக்கொண்டே. "லைட்டு எரிஞ்சா யாரும் சத்தம் போட மாட்டாங்களே."

நாத்தனார் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனாள். மறுபடி பல்பு எரிந்தது. அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

நேரம் பார்த்து மூக்கு அரிக்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்தாள், மூச்சை அடக்கினாள். இந்த ஒரு பாட்டு நல்லபடியாக வந்துவிட்டால் போதும், அவன் பழையபடி தன்னோடு பேசுவான். அவன் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாகிறது! அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அதையும் சத்தமில்லாமல் அழுதாள்.

திடீரென்று கதவு திறந்தது. அவன் வெளியே வந்து அவளுக்கு நேர் எதிரே நின்றான். உள்ளே மைக் ஓடிக்கொண்டிருந்தது.

தன்னைத்தான் பார்க்கிறான் என்று அவள் பதறிப்போய் முந்தானையை இன்னும் இறுக்கினாள். ஆனால் அவன் பார்த்தது தலைக்கு மேலிருந்த பல்பை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, பதிவு நடக்கும்போது யாரும் தொடக் கூடாது என்று அவனே கட்டளை போட்டிருந்த சுவிட்சைத் தட்டி அணைத்தான்.

கதவை விரியத் திறந்து வைத்துவிட்டுப் போய் மைக்குக்கு எதிரே உட்கார்ந்தான்.

"லைட்டை அணைச்சுட்டேன். செத்துப்போன பிறகும் என்னடி பயம்? ஒரே ஒரு தடவை தும்மேன்."