நூறைத் தொட்ட வகுப்பு

பிள்ளைகளின் முகத்தைக் கேமராவில் பார்த்து வகுப்பின் கவனத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும் ஈடுபாட்டுப் பலகை சுவரில் இருந்தது. அது தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால், பாடத்தை நிறுத்திவிட்டு எல்லோரையும் கைதட்ட வைக்க வேண்டும் என்பது விதி. கணக்கு டீச்சர் மங்கையர்க்கரசிக்கு அந்தக் கூத்தை நினைத்தாலே குமட்டும். பிள்ளைகள் விவரமானவர்கள். கண்ணை அகல விரித்துக்கொண்டு பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினால் அவரவர் மேசையில் இருக்கும் கவன விளக்கு பச்சையாக எரியும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கேள்வி கேட்டால் ஒரு பச்சைக்கும் பதில் தெரியாது.

பர்வீன் மேசையில் மட்டும் எப்போதும் சிவப்பு. அவள் ஜன்னலைப் பார்த்தபடி யோசிப்பாள். சரியான விடையைச் சொல்வதும் அவள் ஒருத்திதான்.

"அந்தப் பொண்ணால நம்ம மார்க்கே போகுது. நாளைக்குள்ள சரி பண்ணுங்க, இல்லன்னா கவனக்குறைவு செக்‌ஷனுக்கு மாத்திடுவேன்" என்றார் தலைமையாசிரியர்.

அந்த செக்‌ஷனில் கணக்கே கிடையாது. நாள் முழுக்கக் கைதட்டல்தான். தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றினாலும், டீச்சரே பர்வீனை உட்காரவைத்துத் தலையாட்டக் கற்றுக்கொடுத்தார்.

மறுநாள் பலகை நூறைத் தொட்டது. தலைமையாசிரியர் வாசலில் நின்று கைதட்டிவிட்டுப் போனார். டீச்சர் வழக்கம்போல் கரும்பலகைக் கணக்கின் விடையைப் பர்வீனிடம் கேட்டார்.

அவள் கண்ணை அகல விரித்து, தலையாட்டுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"எந்தக் கணக்கு டீச்சர்?"